கருவறைச் செய்தியும் நமது கடமையும்



புகழனைத்தும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலாத்தும் ஸலாமும் நமது நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரது குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது மிம்பரில் அதிகம் பேசப்படாத ஒரு விடயமாகும். கருவுற்ற தாயின் கையிலிருந்து சிறிதளவு இரத்தம் எடுத்து, வயிற்றிலுள்ள குழந்தையின் நிறமூர்த்தங்களில் குறை இருக்கக்கூடுமா என்று பார்க்கின்ற பரிசோதனையைப் பற்றியே பேசப் போகின்றோம். ஒரு காலத்தில் கொழும்பின் பெரிய தனியார் வைத்தியசாலைகளுக்குள் மட்டும் ஒலித்த இந்தச் சொல், இன்று வெளிநாட்டில் தொழில் புரியும் கணவன்மாரின் தொலைபேசி வழியாகப் பதுளைக்கும் பண்டாரவளைக்கும், அங்கிருந்து பூனாகலை மலைக்கும் வந்து சேர்ந்துவிட்டது. “செய்யத்தான் வேண்டுமா? செய்வது தவக்குலுக்கு மாறாகாதா? முடிவு தவறாக வந்தால் என்ன செய்வது?” என்ற கேள்விகளும் உடன் வந்துவிட்டன. இவற்றுக்கு ஒரே வார்த்தையில் விடை சொல்வது நேர்மையாகாது.

முதலில் விடயத்தை விளங்கிக்கொள்வோம். மனித உடலின் கலம் ஒவ்வொன்றிலும் சாதாரணமாக 46 நிறமூர்த்தங்கள் 23 சோடிகளாக அமைந்திருக்கின்றன. இருபத்தோராம் சோடியில் ஒன்று மேலதிகமாகி மூன்றாக அமைந்துவிட்டால் அதனை டவுன் சின்ட்ரோம் என்கிறார்கள். 1866 இல் இதன் அடையாளங்களை எழுதி வைத்தவர் ஜோன் லாங்டன் டவுன் என்ற ஆங்கிலேய வைத்தியர். நிறமூர்த்தமே காரணம் என்பதை 1959 இல் பிரான்ஸ் நாட்டின் ஜெரோம் லெஜியூனும் அவரது சகாக்களும் வெளியிட்டார்கள். பதினெட்டாம், பதின்மூன்றாம் சோடிகளில் இவ்வாறு நேர்ந்தால் நிலைமை மிகக் கடுமையானது. அக்குழந்தைகளில் பெரும்பாலானவை முதல் ஆண்டைக் கடப்பதில்லை.

இது யாருடைய பாவத்தினாலும் நேர்வதன்று. கிரகணத்தின்போது வெளியே போனதாலோ, மாமியின் மனம் நோகப் பேசியதாலோ வருவதுமன்று. சொந்தத்தில் மணம் முடித்ததும் டவுன் சின்ட்ரோமுக்குக் காரணமல்ல. தாயின் வயதோடுதான் இதற்குத் தொடர்பு உண்டு. 25 வயதுத் தாய்க்கு ஏறத்தாழ 1,250 பிள்ளைகளில் ஒன்று, 35 வயதில் 350 இல் ஒன்று, 40 வயதில் 100 இல் ஒன்று என்பது மருத்துவ நூல்கள் தரும் கணக்கு. மிகச் சில குடும்பங்களில் மட்டும் பெற்றோரில் ஒருவரது நிறமூர்த்த அமைப்பிலிருந்து இது வரக்கூடும். அந்த ஒருவர் வாப்பாவாகவும் இருக்கலாம் என்பதைக் குடும்பத்துப் பெரியவர்கள் மனதில் கொள்ள வேண்டும்.

பரிசோதனையில் இரண்டு வகை உண்டு. பழைய வகையில், தாயின் இரத்தத்திலுள்ள சில ஓமோன்களையும் புரதங்களையும் அளந்து, 11 முதல் 14 வாரங்களுக்குள் எடுக்கும் ஸ்கேனில் குழந்தையின் பிடரித் தடிப்பையும் பார்த்து, இரண்டையும் தாயின் வயதோடு சேர்த்துக் கணக்கிடுவார்கள். புதிய வகை 1997 இல் டெனிஸ் லோ என்ற ஹொங்கொங் விஞ்ஞானியும் அவரது குழுவினரும் கண்டறிந்த ஓர் உண்மையிலிருந்து பிறந்தது. சூல்வித்தகத்திலிருந்து பிரிந்த டி.என்.ஏ. துணுக்குகள் தாயின் இரத்தத்தில் மிதக்கின்றன என்பதே அது. 2011 முதல் இது மருத்துவப் பயன்பாட்டுக்கு வந்தது. 10 வாரம் நிறைந்த பின் செய்யலாம். இந்த இரண்டும் நமது அரசாங்கக் கிளினிக்குகளில் எல்லாத் தாய்மாருக்கும் இலவசமாகச் செய்யப்படும் வழமையான பரிசோதனைகளுள் அடங்கவில்லை. தனியார் ஆய்வுகூடங்களில்தான் செய்துகொள்ள வேண்டும். புதிய பரிசோதனையின் கட்டணம் ஒரு தோட்டத் தொழிலாளியின் ஒரு மாதச் சம்பளத்தையும் விழுங்கிவிடும்.

அன்பு நேயர்களே! இங்கேதான் நீங்கள் கூர்ந்து செவிமடுக்க வேண்டும். இந்த இரத்தப் பரிசோதனை ஒரு தீர்ப்பல்ல, எச்சரிக்கை மட்டுமே. இந்த வேறுபாட்டை மலைநாட்டு மக்களுக்கு விளக்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. மழைக்காலத்தில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் மண்சரிவு அறிவித்தலை நாம் அறிவோம். அறிவித்தல் வந்த எல்லா மலைகளும் சரிவதில்லை. வராத இடத்திலும் சில வேளை சரிகிறது. அறிவித்தல் வந்தால் அதிகாரிகளை அழைத்து நிலத்தைப் பார்க்கச் சொல்ல வேண்டும், ஆயத்தமாக வேண்டும். அன்றிரவே வீட்டை இடித்துத் தள்ளுபவர் எவருமில்லை.

ஒரு கணக்கைப் பாருங்கள். ஆயிரத்தில் ஒரு பிள்ளைக்கு டவுன் சின்ட்ரோம் இருக்கும் வயதிலுள்ள 10,000 இளந்தாய்மாரை எடுத்துக்கொள்வோம். அவர்களுள் 10 பேரின் குழந்தைகளுக்கு அந்நிலை இருக்கும். பழைய பரிசோதனை அந்தப் பத்தில் எட்டு அல்லது ஒன்பதைக் கண்டுபிடிக்கும். ஆனால் அதனோடு குறையேதும் இல்லாத குழந்தையைச் சுமக்கும் ஏறத்தாழ 500 தாய்மாருக்கும் “ஆபத்து அதிகம்” என்று எழுதிக் கொடுத்துவிடும். ஐந்நூறு பேர்! அவர்கள் அனைவரும் அன்றிரவு உறங்கமாட்டார்கள். புதிய பரிசோதனை இதைவிட எவ்வளவோ மேலானது. பத்தையும் அநேகமாகக் கண்டுபிடித்துவிடும். தவறான எச்சரிக்கை ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவுதான். ஆனால் பத்தாயிரத்தில் அதுவும் பத்துப் பேராகிறது. ஆகவே “நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது சரி” என்று விளம்பரப்படுத்தப்படும் அந்தப் பரிசோதனையிலும், எச்சரிக்கை பெற்ற இளந்தாய்மார் இருபது பேரில் பத்துப் பேர் குறையற்ற பிள்ளையையே சுமந்திருப்பார்கள். நாற்பது வயதுத் தாய்மாரில் நிலைமை வேறு. அவ்வயதில் எச்சரிக்கை பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். கடதாசியில் அச்சிடப்பட்ட முடிவு ஒன்றுதான், ஆனால் இரு தாய்மாருக்கும் அதன் பொருள் வேறு. விளம்பரத் துண்டுகளில் இதனைக் காண முடியாது.

எச்சரிக்கை வந்தால் உறுதிசெய்ய வேறு பரிசோதனை உண்டு. 15 வாரங்களுக்குப் பின் பன்னீர்க்குடத்திலிருந்து ஊசியால் சிறிது நீர் எடுத்துக் குழந்தையின் நிறமூர்த்தங்களையே நேரில் பார்ப்பார்கள். இதனால் கரு கலையும் ஆபத்து நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவானது. குறைவு என்பது இல்லை என்பதாகாது. முழுமையான முடிவு வர இரண்டு மூன்று வாரங்கள் செல்லலாம். கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் 1983 இல் மனித மரபியல் பிரிவு தொடங்கப்பட்டது முதல் நமது நாட்டிலும் இத்துறையில் ஆலோசனை பெறும் வழி இருந்து வருகின்றது. இரத்தப் பரிசோதனையின் முடிவை மட்டும் வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வந்துவிடக் கூடாது. இதனை உங்கள் ராத்தாவுக்கும் தங்கைக்கும் சொல்லி வையுங்கள்.

இனி, தவக்குல் பற்றிய கேள்வி. “அல்லாஹ் தருவதை ஏற்றுக்கொள்வதை விட்டு ஏன் சோதித்துப் பார்க்க வேண்டும்?” என்று மூத்தவர்கள் கேட்பதில் ஈமானின் வாசம் இருக்கிறது. அதனை நாம் ஏளனம் செய்யக் கூடாது. ஆயினும் கலீபா உமர் (ரழி) அவர்களின் வரலாற்றை எண்ணிப் பாருங்கள். ஷாம் தேசம் நோக்கிப் புறப்பட்டு ஸர்க் என்ற இடத்தை அடைந்தபோது, அங்கே கொள்ளை நோய் பரவியிருக்கும் செய்தி கிடைத்தது. தோழர்களோடு ஆலோசித்துத் திரும்பிவிட முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரழி) அவர்கள் கேட்டபோது, ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதியின்பால் செல்வதாகவே உமர் (ரழி) அவர்கள் விடையளித்தார்கள். செய்தி கிடைத்தது, கலந்தாலோசித்தார்கள், நடந்துகொண்டார்கள். அறிவது தவக்குலுக்குப் பகையன்று. ஆனால் எதற்காக அறிகிறோம் என்ற நிய்யத்தை அறியும் முன்னரே நேராக்கிக்கொள்ள வேண்டும். முடிவு எதுவானாலும் பிள்ளையை ஏற்றுக்கொள்வோம், எனினும் அறிந்துகொண்டு அழ எங்களுக்குத் தெம்பில்லை என்று எண்ணும் தம்பதியர் பரிசோதனையைச் செய்யாமலே விடலாம். அதில் குற்றமில்லை. எவரும் அவர்களை அறிவீனர் என்று சொல்ல முடியாது.

குறை உறுதியானால் கருவைக் கலைக்கலாமா? மெல்லிய குரலில் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இதுவே. மார்க்கத்தின் பக்கத்தை முதலில் பார்ப்போம். 120 நாட்களில் கருவுக்கு ரூஹ் ஊதப்படுகின்றது என்பதை ஸஹீஹான ஹதீஸின் அடிப்படையில் உலமாக்கள் கூறுகிறார்கள். அதன் பின்னர் தாயின் உயிருக்கு ஆபத்து என்ற நிலையன்றி வேறு காரணத்துக்காகக் கலைப்பது ஹராம் என்பதில் அவர்களிடம் கருத்து வேறுபாடு காண்பதரிது. அதற்கு முன்னரான காலம் குறித்து, நம்மில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபுக்குள்ளேயே கருத்துகள் பல உண்டு. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் கரு தரித்த நேரம் முதலே அதில் கைவைப்பதைக் குற்றமாகக் கருதி, நாள் ஏற ஏறக் குற்றமும் கனப்பதாக விளக்கினார்கள். 1990 பெப்ரவரியில் மக்காவில் கூடிய ராபிதாவின் இஸ்லாமிய பிக்ஹு சபை, தனது 12 ஆவது அமர்வில் இதனை ஆராய்ந்து பெரும்பான்மை முடிவொன்றை வெளியிட்டது. சிகிச்சைக்கு இடமில்லாத கடுமையான குறை இருப்பதாக நம்பகமான தேர்ந்த வைத்தியர் குழு உறுதிசெய்தால், 120 நாட்களுக்கு முன்னர், பெற்றோர் வேண்டிக்கொள்வதன் பேரில் அனுமதிக்கலாம் என்பதே அதன் சாரம். அந்தக் கதவு எவ்வளவு ஒடுக்கமானது என்பதைக் கவனியுங்கள். டவுன் சின்ட்ரோம் அக்கதவுக்குள் அடங்குமா என்பதே உலமாக்களிடம் கேட்டுத் தெளிய வேண்டியது. அப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள், நடக்கிறார்கள், கலிமா கற்கிறார்கள்.

நாட்கணக்கிலும் பலர் தடுமாறுகிறார்கள். கிளினிக் அட்டையில் எழுதும் வாரங்கள் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணப்படுபவை. உலமாக்கள் சொல்லும் 120 நாட்கள் கரு தரித்ததிலிருந்து எண்ணப்படுபவை. இரண்டுக்கும் ஏறத்தாழ இரு வாரம் வித்தியாசம். ஆகவே அட்டையில் 19 வாரம் என்றிருக்கும்போது 120 நாள் நிறைந்துவிடுகிறது. 16 ஆம் வாரம் இரத்தம் கொடுத்து, பதிலுக்குக் காத்திருந்து, பின்னர் ஊசிப் பரிசோதனைக்கு நாள் எடுத்து, அதன் முடிவுக்கும் காத்திருந்தால் அந்த எல்லை கடந்தே போயிருக்கும்.

இனி நாட்டின் சட்டம். 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையின் 303 ஆம் பிரிவு, தாயின் உயிரைக் காப்பதற்காக அன்றி வேறு எந்தக் காரணத்துக்காகவும் கருக்கலைப்பை அனுமதிக்கவில்லை. 1995 இல் ஒரு திருத்தம் நாடாளுமன்றம் வரை வந்து கைவிடப்பட்டது. 2017 இல் பாலியல் வல்லுறவுக்கும் கருவின் கடுமையான குறைகளுக்கும் விலக்களிக்கும் யோசனை எழுந்து, மதத் தலைவர்களின் எதிர்ப்போடு நின்றுபோனது. எனவே மக்காவின் தீர்மானத்தைக் கையில் வைத்துக்கொண்டு இந்நாட்டில் ஒரு வைத்தியரை அணுக முடியாது. பின்கதவால் கலைத்துத் தருவதாகச் சொல்லும் இடங்களின் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள். அவ்விடங்களில் தாய்மார் உயிரையே இழந்திருக்கிறார்கள்.

அப்படியானால் இந்த அறிவால் நமக்கு என்ன பயன்? பயன் உண்டு, அதுவும் பெரிய பயன். டவுன் சின்ட்ரோமுடன் பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இருதயத்தில் பிறவிக் குறை இருக்கும். சிலருக்குக் குடலில் அடைப்பு இருக்கும். பிறந்த முதல் நாட்களிலேயே இவற்றைக் கண்டுகொண்டால் சிகிச்சை உண்டு. கொழும்பு சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் குழந்தைகளுக்கான இருதய சத்திர சிகிச்சை இலவசமாகவே நடைபெறுகிறது. 1983 அளவில் அமெரிக்காவில் இக்குழந்தைகளின் சராசரி ஆயுள் 25 ஆண்டுகள் மட்டுமே. இன்று வசதியுள்ள நாடுகளில் அது 60 ஆண்டை எட்டியிருக்கிறது. மருந்து ஒன்று புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதால் இது நடக்கவில்லை. இருதயத்தைச் சரிசெய்தார்கள், தைரொயிட்டைப் பார்த்தார்கள், காது கேட்கிறதா என்று சோதித்தார்கள், ஒதுக்கி வைக்காமல் வளர்த்தார்கள்.

பூனாகலையில் இருக்கும் ஒரு தாயை நினைத்துப் பாருங்கள். வளைந்து செல்லும் பாதை, அடைமழை, இரவு. முன்கூட்டியே தெரிந்திருந்தால் பிரசவத்துக்குப் பல நாட்கள் முன்னரே அவளைப் பதுளைப் பெரிய வைத்தியசாலைக்கு அண்மையில் உறவினர் வீட்டில் தங்க வைக்கலாம். குழந்தை வைத்தியர் இருக்கும் இடத்தில் பிரசவம் நிகழும். 19, 20 வாரமளவில் எடுக்கும் விரிவான ஸ்கேன் பரிசோதனையில் குழந்தையின் இருதயத்தை நன்றாகப் பார்க்குமாறு வைத்தியரிடம் கேட்கலாம். இரத்தப் பரிசோதனைக்குப் பணமில்லாதவர்களும் கேட்கக்கூடியது இது. எனது தனிப்பட்ட அபிப்பிராயம், நமது மலைநாட்டுத் தாய்க்கு விலையுயர்ந்த இரத்தப் பரிசோதனையை விட, தவறாமல் கிளினிக் போவதும் இந்த ஸ்கேனும் கூடுதல் பயன் தரும் என்பதே. 35 வயதைக் கடந்தவர்களும், முந்திய பிள்ளைக்கு இந்நிலை இருந்தவர்களும் வைத்தியரோடு தனியாகப் பேசுங்கள்.

மீரியபெத்தையை நாம் மறக்கவில்லை. 2014 அக்டோபர் 29 ஆம் திகதி காலையில் மலை சரிந்து லயன்களை மூடியது. எஞ்சியவர்களுள் பலர் பூனாகலைப் பாடசாலையில்தான் தஞ்சம் புகுந்தார்கள். அவ்விடம் ஆபத்தானது என்று 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை இருந்தது, போவதற்குத்தான் இடமில்லை. 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையிலும் மலை சரிந்தது. ஒரு தாயின் கையில் “ஆபத்து அதிகம்” என்ற கடதாசியைக் கொடுத்துவிட்டு, கணவன் முகம் திருப்பிக்கொள்ள, மாமி குலத்தைக் குறைசொல்ல, ஊரார் கந்தூரிக்கு அழைக்காமல் விட்டால், அவளுக்கும் அந்த மக்களுக்கும் என்ன வேறுபாடு? போக்கிடம் இல்லாத எச்சரிக்கை மனிதரை வதைக்கவே செய்யும். ஜமாஅத்தார் பள்ளி நிதியிலிருந்து அவளது பிரயாணச் செலவை ஏற்கட்டும். மத்ரஸாவில் அந்தப் பிள்ளைக்கு முன்வரிசையில் ஓரிடம் கொடுக்கட்டும். புத்தி நிறைவடையாதவர் மீது மார்க்கக் கடமைகள் சுமத்தப்படவில்லை. அவரைப் பராமரிக்கும் கடமை நம்மீது சுமத்தப்பட்டிருக்கிறது. கண்பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரழி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் முஅத்தினாக்கினார்கள். தாம் மதீனாவை விட்டுப் புறப்பட்ட வேளைகளில் தமது இடத்தில் நிறுத்திவிட்டும் சென்றார்கள்.

இளைஞர்களே! இவ்வளவு நேரமும் இது உம்மாமாரின் பேச்சு என்று எண்ணியிருந்தால், இனி வருவது உங்களுக்குரியது. கருவுற்ற பின் செய்யும் பரிசோதனையில் நாட்கள் நம்மைத் துரத்துகின்றன. நாட்களே துரத்தாத ஓர் இரத்தப் பரிசோதனை உண்டு. அது நிக்காஹுக்கு முன் செய்யும் தலசீமியாப் பரிசோதனை. இது நிறமூர்த்த எண்ணிக்கையால் வருவதன்று, பரம்பரையலகால் வருவது. இந்நாட்டில் குருநாகல், அநுராதபுரம் மாவட்டங்களோடு இந்நோய் கூடுதலாகக் காணப்படும் மாவட்டங்களுள் நமது பதுளையும் ஒன்று. நூற்றுக்கு ஏறத்தாழ இருவர் எந்தச் சுகவீனமும் இல்லாமல் இதனைத் தாங்கியிருக்கிறார்கள். தாங்கிய இருவர் மணம் முடித்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு நோயுள்ள பிள்ளைக்கு வாய்ப்பு. அப்பிள்ளைக்கு மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை ஆயுள் முழுவதும் இரத்தம் ஏற்ற வேண்டும். உடலில் சேரும் இரும்பை நீக்க மருந்தும் வேண்டும். மாமி மகளை, சாச்சா மகளை முடிக்க மார்க்கம் அனுமதிக்கிறது. ஆனால் ஒரே குடும்பத்தில் ஒரே பரம்பரையலகு இருவரிடமும் இருக்கும் வாய்ப்பும் அதிகம். ஆகவே சொந்தத்தில் முடிப்போர்தான் முதலில் பார்க்க வேண்டும்.

சவூதி அரேபியா 2004 முதல் திருமணத்துக்கு முன் இதனைக் கட்டாயமாக்கியிருக்கிறது. முடிவைப் பார்த்த பின்னரும் மணம் முடிப்பதை அங்கு தடைசெய்யவில்லை. அறிந்து செய்யுங்கள் என்பதுதான். பெண் பார்க்கும் போது நகையையும் வீட்டையும் விசாரிக்கும் நாம், இதை மட்டும் கேட்க ஏன் கூச்சப்படுகிறோம்? இது களங்கமும் அன்று, நோயும் அன்று. தாங்கியவர் தாங்காதவரை முடித்தால் பிள்ளைகளுக்கு அந்நோய் வராது.

பேச்சு முற்றாகி நிச்சயதார்த்தம் வைத்து, மண்டபத்துக்கு முற்பணம் கட்டிய பின்னர் பரிசோதிக்காதீர்கள். அப்போது உண்மையைச் சொல்ல எவருக்கும் நாவெழாது. பதினெட்டு, இருபது வயதில், ஒருவரும் மனதில் இல்லாத காலத்தில் செய்துகொள்ளுங்கள். உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ, குடும்பநல உத்தியோகத்தரிடமோ கேட்டால் எங்கே இரத்தம் கொடுப்பது என்று வழிகாட்டுவார்கள். அறிக்கையை அலுமாரியில் பூட்டி வைக்காமல், பேச்சுக்கு வரும் வீட்டாரிடம் முதல் நாளே காட்டுங்கள். பெண் வீட்டார் காட்டும் வரை காத்திராமல் மாப்பிள்ளை வீட்டாரே முந்திக்கொள்ளட்டும்.